கடைசி வரைக்கும் ஆளே வரலையே, அப்புறம் எதுக்கு அந்தப் படம்?

கேள்வி இதுதான்: "சீக்கிங் மேவிஸ் பீக்கன்னு ஒரு டாக்குமெண்டரி பாத்தேன், டைப்பிங் சாஃப்ட்வேர் அட்டையில இருந்த அம்மாவத் தேடிப் போறாங்க, ஒன்னே முக்கா மணி நேரம் ஓடுது, கடைசி வரைக்கும் அவங்க கேமரா முன்னாடி வரவே இல்ல. இதுக்கு எதுக்கு ஒரு படம்? அப்புறம் இன்னொன்னு, எங்க வீட்டுல ஒரு சிடி இருந்துச்சு, அதுல இருந்ததும் அதே அம்மாதானா?"

ரெண்டாவது கேள்விக்குக் கடைசியில வர்றேன். மொதல் கேள்விக்கு என் பதில், அவங்க வராததுதான் அந்தப் படம், வந்திருந்தா சாதாரணமா டிவியில வர்ற ஒரு "அன்றும் இன்றும்" நிகழ்ச்சியா முடிஞ்சிருக்கும். ஆனா இத ஒத்த வரியில சொல்லிட்டுப் போனா நீங்க நம்ப மாட்டீங்க, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

மொதல்ல மேவிஸ் பீக்கன் யாருன்னு தெரியாதவங்களுக்கு. அப்படி ஒருத்தங்க கெடையவே கெடையாது. 1987ல சாஃப்ட்வேர் டூல்வொர்க்ஸ்னு ஒரு கலிஃபோர்னியா கம்பெனி டைப்பிங் கத்துக்குடுக்குற ஒரு புரோகிராம வெளிய விட்டுச்சு, பேரு "மேவிஸ் பீக்கன் டீச்சஸ் டைப்பிங்". மேவிஸ்ங்கறது பாடகி மேவிஸ் ஸ்டேப்பிள்ஸ் பேர்ல இருந்து எடுத்தது, பீக்கன்னா வழி காட்டுற விளக்கு, கலங்கரை விளக்கம்னு வச்சுக்கங்க. அட்டையில நல்லா கோட்டு சூட்டு போட்டு, கொண்டை போட்டு, சிரிச்ச முகமா ஒரு கருப்பினப் பெண். பாத்தா யாருக்கும் இவங்கதான் டீச்சர், இவங்கதான் இத உருவாக்குனாங்கன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. நான் டைப்பிங் கத்துக்கிட்டது எங்க ஊரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல, ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே, தப்பா விரல வச்சா ஸ்கேலால மணிக்கட்டுல ஒன்னு விழும், லோயர் முடிச்சு ஹையர் பரீட்சை எழுதுற வரைக்கும் அந்த மிஷின் பெல் சத்தம்தான் காதுல. அப்புறம் ஒரு பிரவுசிங் சென்டர்ல யாரோ காப்பி அடிச்சுக் குடுத்த சிடில இந்த மேவிஸ் அம்மாவப் பாத்தப்போ, அடடா, அடிக்காத ஒரு டைப்பிங் டீச்சர் அமெரிக்காவுல இருக்காங்க போலன்னு நெனச்சேன். சத்தியமா ரொம்ப வருஷம் அவங்க நெஜ ஆளுன்னுதான் நெனச்சுட்டு இருந்தேன்.

இதுல நான் மட்டும் ஏமாளி இல்ல. அமெரிக்காவுலயே கம்பெனிக்கு போன் பண்ணி அவங்களப் பேட்டி எடுக்கணும்னு கேட்டவங்க இருந்திருக்காங்க, டைப்பிங் போட்டியில அவங்க ஜெயிச்சது எனக்கு நல்லா ஞாபகம் இருக்குன்னு அடிச்சுச் சொன்னவங்களும் இருந்திருக்காங்க. நடக்காத ஒன்ன ஞாபகம் இருக்குன்னு சொல்றது, அதுவும் நெறைய பேரு ஒரே மாதிரி சொல்றது, அது வேற ஒரு பெரிய கதை, அதுக்குள்ள போகல.

ஆனா போட்டோவுல இருந்தவங்க நெஜம். ஹெய்ட்டி நாட்டுல பிறந்தவங்க, 1980கள் நடுவுல லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பெவர்லி ஹில்ஸ்ல ஸாக்ஸ் ஃபிஃப்த் அவென்யூங்கற பெரிய கடையில சென்ட் விக்கிற கவுன்டர்ல வேலை பாத்துட்டு இருந்தாங்க. கம்பெனி பார்ட்னர்கள்ல ஒருத்தரு லெஸ் கிரேன், அவரு அங்க போனப்போ இவங்களப் பாத்து, இதுதான் நம்ம டீச்சர் முகம்னு முடிவு பண்ணிட்டாரு. லெஸ் கிரேன் லேசுப்பட்ட ஆள் இல்ல, 1964லயே ஏபிசி டிவியில ராத்திரி பேட்டி நிகழ்ச்சி நடத்துனவரு, கருப்பின உரிமைக்காகப் போராடுன மால்கம் எக்ஸ் அந்த நிகழ்ச்சிக்கு வந்திருக்காரு, பாடகர் பாப் டிலன் வந்திருக்காரு. அதாவது எந்த முகம் ஜனங்ககிட்ட எடுபடும்னு தெரிஞ்ச டிவிக்காரரு. புரோகிராம எழுதுனது நார்ம் வொர்திங்டன், மைக் டஃபி, வால்ட் பிலோஃப்ஸ்கி, மூணு ஆம்பளைங்க. அட்டையில இருந்தவங்களுக்கோ டைப்பிங்கே தெரியாதாம், நகம் வேற நீள நீளமா வளர்த்திருந்தாங்களாம்.

(அவங்க பேர நான் இங்க எழுதல. இன்டர்நெட்ல தேடுனா ரெண்டு செகண்ட்ல வரும், தெரியும். ஏன் எழுதலங்கறது இந்தப் பதில் முடியுறதுக்குள்ள உங்களுக்கே புரிஞ்சிரும்.)

இப்ப இதே கம்பெனி அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி செய்ததப் பாருங்க. 1986ல "செஸ்மாஸ்டர் 2000"னு ஒரு செஸ் புரோகிராம், அதோட அட்டையில நீள வெள்ளத் தாடியோட மந்திரவாதி மாதிரி ஒரு கெழவர் உக்காந்து முறைப்பாரு, நெறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். அதுவும் மாடல்தான், வில் ஹேர்னு ஒரு நடிகர். ஆக டெக்னிக் ஒன்னுதான், கம்ப்யூட்டர்னா ஜனங்களுக்கு பயம், அந்த டப்பாவுக்கு ஒரு மனுஷ மூஞ்சிய மாட்டி விட்டா பயம் போயிரும். ஆனா செஸ் கெழவர யாரும் நெஜ ஆளுன்னு நெனக்கல, அவரு ஒரு கதாபாத்திரம்னு பாத்தாலே தெரியும். டீச்சர் அம்மாவ மட்டும் எல்லாரும் நெஜம்னு நம்புனாங்க. ஏன்னா மந்திரவாதிய நம்ம வாழ்க்கையில யாரும் பாத்ததில்ல, பொறுமையா பக்கத்துல நின்னு கத்துக்குடுக்குற ஒரு பொம்பளைய எல்லாரும் பாத்திருக்கோம். எனக்கு இந்த வித்தியாசத்துலதான் மொத்த விஷயமும் இருக்குன்னு தோணுது, படம் இத இன்னும் நல்லா தோண்டியிருக்கலாம்.

சாஃப்ட்வேரப் பத்தியும் நியாயமா ரெண்டு வார்த்தை சொல்லணும், நல்ல சாஃப்ட்வேர்ங்க அது. எந்த எழுத்துல நீங்க அடிக்கடி தப்பு விடுறீங்கன்னு கணக்கு வச்சுக்கிட்டு அடுத்த பாடத்துல அத அதிகமா குடுக்கும், 1987ல அது பெரிய விஷயம். நாம எல்லாரும் அடிக்கிற குவெர்ட்டி கீபோர்டுக்கு மட்டும் இல்ல, எழுத்துகள வேற வரிசையில அடுக்குன டிவோராக் கீபோர்டுக்கும் பாடம் இருந்துச்சு. கார் ஓட்டுற விளையாட்டு ஒன்னு இருக்கும், தப்பா அடிச்சா கார் கண்ணாடியில பூச்சி வந்து சப்புனு ஒட்டும். ஆரம்பத்துல கருப்பினப் பெண் படம் போட்ட அட்டைய வாங்கி ஸ்டாக் வைக்கவே சில கடைக்காரங்க தயங்குனாங்கன்னு கம்பெனிக்காரங்களே பின்னாடி சொல்லியிருக்காங்க, அப்புறம் 1987 கடைசியில நியூயார்க் டைம்ஸ்ல நல்லபடியா விமர்சனம் வந்ததும் சரக்கு பறக்க ஆரம்பிச்சிருச்சு. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா போச்சு. அமெரிக்காவுல ஒரு தலைமுறைக் கருப்பினக் குழந்தைங்களுக்கு கம்ப்யூட்டர் திரைக்குப் பக்கத்துல தன்ன மாதிரி ஒரு முகத்த மொதல்ல பாத்ததே இந்த அட்டையிலதான். வெள்ளக்கார ஆம்பளைங்க கற்பனையில உருவான ஆளுன்னாலும் அந்தப் பிள்ளைங்களுக்குக் கெடச்ச பெருமை கற்பனை இல்ல. இந்த முடிச்ச அவுக்கத்தான் படமே.

பணக் கணக்கும் பாத்திருவோம். அந்த மாடலுக்குக் குடுத்தது ஒரே ஒரு தடவை 500 டாலர். ராயல்டி, அதாவது விக்க விக்க வர்ற பங்கு, கெடையாது. 1994ல பியர்சன் நிறுவனம் சாஃப்ட்வேர் டூல்வொர்க்ஸ மொத்தமா வாங்குனப்போ விலை 462 மில்லியன் டாலர், அதாவது 46 கோடி டாலருக்கு மேல. அந்த விலை முழுக்க இந்த ஒரு முகத்துக்குக் குடுத்ததுன்னு நான் சொல்லல, செஸ்மாஸ்டர் இருந்துச்சு, வேற நெறைய சிடி இருந்துச்சு. ஆனாலும் 500ஐயும் 46 கோடியையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாக்கும்போது வயிறு எரியத்தான் செய்யுது. மாடலிங் தொழில்ல ஒரு நாள் போட்டோவுக்கு ஒரு தொகைங்கறது வழக்கம்தான், சட்டப்படி தப்பு இல்லைன்னு வாதாடலாம். ஆனா சோப்பு விளம்பரத்துல நிக்கிறது வேற, உங்க மூஞ்சிக்கு வேற ஒரு பேர வச்சு, ஒரு தொழில வச்சு, ஊர் ஊரா டீச்சர்னு கொண்டு போறது வேற இல்லையா.

அதுக்கப்புறம் அவங்க பொது இடத்துல தென்படவே இல்ல, கரீபியன் பக்கம் திரும்பிப் போயிட்டாங்கன்னு 1990கள்ல பத்திரிகையில வந்ததோட சரி.

இப்ப படத்துக்கு வர்றேன். டைரக்டர் ஜாஸ்மின் ஜோன்ஸ், இது அவங்களோட மொதல் முழுநீளப் படம். கூடவே தேடுறவங்க ஒலிவியா மெக்கெய்லா ராஸ், வயசுல இன்னும் சின்னவங்க, கோடிங் தெரிஞ்சவங்க, தன்ன "சைபர் டூலா"ன்னு சொல்லிக்கிறாங்க. டூலான்னா பிரசவ நேரத்துல கூட இருந்து கையப் பிடிச்சு தைரியம் சொல்ற அம்மா, அந்த மாதிரி இன்டர்நெட்ல மாட்டிக்கிட்டுத் தவிக்கிறவங்களுக்குத் துணை நிக்கிறாங்களாம். கேக்க சிரிப்பா இருந்தாலும் படம் போகப் போக அந்தப் பேர் எவ்வளவு பொருத்தம்னு தெரியும், எவ்வளவு முரண்னும் தெரியும். ரெண்டு பேருமே கருப்பினப் பெண்கள். 2024 ஜனவரியில அமெரிக்காவுல நடக்குற சன்டான்ஸ் திரைப்பட விழாவுல மொதல்ல திரையிட்டாங்க, அதே வருஷம் நியான் நிறுவனம் தியேட்டருக்குக் கொண்டு வந்துச்சு.

படம் பாக்க ஒரு கம்ப்யூட்டர் திரை மாதிரியே இருக்கும், விண்டோ மேல விண்டோ தொறக்கும், மீம் வரும், வீடியோ கால் வரும், பழைய டிவி க்ளிப் வரும், சில நேரம் எங்க பாக்குறதுன்னே தெரியாது. உங்களுக்கு அது எரிச்சலா இருந்திருக்கலாம், எனக்கும் மொதல் அரை மணி நேரம் அப்படித்தான் இருந்துச்சு, அப்புறம் பழகிருச்சு, ஏன்னா நாமளும் ராத்திரி ஒரு மணிக்கு ஒரு ஆளப் பத்தித் தேட ஆரம்பிச்சா முப்பது டேப் தொறந்து வச்சுட்டு உக்காந்திருக்கிறது இப்படித்தானே. கம்பெனிய நடத்துன பெரியவங்களையும் தேடிப் போய் உக்காந்து பேசுறாங்க. அந்தக் காட்சிகள மட்டும் இன்னொரு தடவை பாருங்க. பெரியவங்க ஏதோ பழைய கல்லூரிக் குறும்பு மாதிரி சிரிச்சுக்கிட்டே கதை சொல்றாங்க, எதிர்ல உக்காந்திருக்கிற ரெண்டு பேரும் மரியாதையா தலையாட்டிக் கேட்டுட்டு இருக்காங்க, ஆனா அந்த மூஞ்சியில சிரிப்பு வந்து வந்து நின்னு போகுது. கெட்டவங்களா யாரையும் காட்டல, அதனாலயே அந்த இடம் கூடுதலா உறுத்துது.

இனிமேதான் உங்க கேள்வி. தேடித் தேடி கடைசியில அவங்க குடும்பத்து ஆள் வரைக்கும் போயிடுறாங்க, அந்த அம்மாவுக்கு விருப்பம் இல்லன்னு பதில் வருது. அவ்வளவுதான். இந்த எடத்துல உங்களுக்கு ஏமாற்றம். எனக்கு வந்தது வேற ஒரு பயம், ஐயையோ இதையும் மீறிப் போய் வாசல்ல கேமராவோட நின்னுருவாங்களோன்னு. நம்ம ஊர் யூடியூப் சேனல்ல "மறக்கப்பட்ட நடிகை இன்று எந்த நிலையில் தெரியுமா"ன்னு போடுற வீடியோக்கள எத்தனை பாத்திருக்கோம், வயசான ஒரு அம்மா வீட்டு வாசல்ல மைக்க நீட்டி, அவங்க அழுகுற வரைக்கும் விடாம கேள்வி கேட்டு, கடைசியில சோக மியூசிக் போட்டு. அந்த மாதிரி ஆயிரக்கூடாதேன்னு மனசுக்குள்ள வேண்டிக்கிட்டே பாத்தேன்.

ஆகல. ஆனா முழுசா தப்பிச்சாங்கன்னும் சொல்ல மாட்டேன். ஒரு மனுஷி பல வருஷமா ஒளிவட்டத்துக்கு வெளிய இருக்காங்கன்னா அதுவே ஒரு பதில்தான், அத "காணாமப் போயிட்டாங்க"ன்னு நாமளா எடுத்துக்கிட்டா அது நம்ம தப்பு. அவங்க காணாமப் போகல, அவங்க வீட்டுல இருக்காங்க. படத்துல பாதிக்கு மேல போனப்புறம்தான் இந்த ரெண்டு பேருக்கும் இது உறைக்குது, அதுக்குள்ள பழைய ரெக்கார்ட், அட்ரஸ், உறவுக்காரங்கன்னு நெறைய தோண்டிட்டாங்க. மத்தவங்கள இன்டர்நெட்ல இருந்து காப்பாத்துறேன்னு சொல்ற ஆளே இன்டர்நெட்ட வச்சு ஒருத்தரத் தொரத்துற நிலைமை. அதுல பாராட்ட வேண்டியது என்னன்னா, இந்தக் குற்ற உணர்ச்சிய வெட்டித் தூக்கிப் போடாம படத்துலயே வச்சிருக்காங்க, ரெண்டு பேருக்கும் நடுவுல வர்ற சலிப்பு, களைப்பு, நாம பண்றது சரிதானான்னு தடுமாறுறது எல்லாம் திரையில இருக்கு. பெரிய பட்ஜெட் கம்பெனி எடுத்திருந்தா மொதல்ல வெட்டியிருக்கிறது அதத்தான்.

இதே மாதிரி இன்னொரு முகம் இருக்கு, அதோட சேத்துப் பாத்தா இன்னும் தெளிவாகும். இமேஜ் புராசஸிங், அதாவது கம்ப்யூட்டர்ல படங்களக் கையாளுற பாடம் படிச்ச எல்லாருக்கும் தெரியும், "லேனா" படம். தொப்பி போட்ட ஒரு சுவீடன் பொண்ணு தோளுக்கு மேல திரும்பிப் பாக்குற போட்டோ. 1972 நவம்பர் பிளேபாய் பத்திரிகையில வந்தது, 1973ல தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழக லேப்ல ஸ்கேன் பண்றதுக்கு ஒரு நல்ல படம் வேணும்னு தேடிட்டு இருந்தப்போ யாரோ அந்தப் பத்திரிகையோட உள்ள வர, தோள் வரைக்கும் மட்டும் ஸ்கேன் பண்ணி, 512க்கு 512 புள்ளின்னு வெட்டி வச்சுட்டாங்க. அதுக்கப்புறம் படத்தச் சுருக்குற ஆராய்ச்சி எதுவா இருந்தாலும் அந்த முகத்துல டெஸ்ட் பண்ணாத ஆளே இல்ல. நம்ம ஊர் எஞ்சினியரிங் காலேஜ் லேப் ரெக்கார்டுலயும் அந்த அம்மா இருப்பாங்க, மேட்லாப்ங்கற சாஃப்ட்வேர்ல எட்ஜ் டிடெக்ஷன், அதாவது படத்தோட ஓரக் கோடுகளக் கண்டுபிடிக்கிற வேலை பண்ணி பிரின்ட் எடுத்து ஒட்டியிருப்போம், யாருன்னு எந்த சாரும் சொன்னதில்ல, நாமளும் கேட்டதில்ல. லேனாவ ஆராய்ச்சியாளருங்க கண்டுபிடிச்சு 1997ல பாஸ்டன்ல நடந்த ஒரு மாநாட்டுக்குக் கூப்பிட்டாங்க, அவங்களும் வந்தாங்க, ஆட்டோகிராஃப் எல்லாம் போட்டுக் குடுத்தாங்க. 2019ல "லூசிங் லேனா"ன்னு ஒரு டாக்குமெண்டரி வந்துச்சு, அதுல அவங்க சொன்னதோட சாரம், மாடலிங்ல இருந்து நான் எப்பவோ ரிட்டையர் ஆயிட்டேன், டெக்னாலஜியில இருந்தும் ரிட்டையர் ஆகுற நேரம் வந்துருச்சுங்கறதுதான். 2024 ஏப்ரல் 1ல இருந்து ஆராய்ச்சிப் பத்திரிகைகள் நடத்துற ஐஇஇஇ கம்ப்யூட்டர் சொசைட்டிங்கற அமைப்பு அந்தப் படம் இருக்குற புதுக் கட்டுரைகள ஏத்துக்கிறதில்லன்னு அறிவிச்சிருச்சு.

லேனா கூப்பிட்டப்போ வந்தாங்க, அப்புறம் போதும்ப்பா விடுங்கன்னாங்க. மேவிஸ் அட்டைக்கு நின்னவங்க கூப்பிட்டப்போவும் வரல. ஐபோன்ல கேட்டா பதில் பேசுற சிரியோட மொதல் அமெரிக்கக் குரல் சூசன் பென்னட் இதுல மூணாவது ரகம், 2005ல ஏதோ போன் சர்வீஸ் மாதிரி எதுக்கோன்னு நெனச்சு மைக் முன்னாடி வாக்கியம் வாக்கியமா படிச்சுக் குடுத்திருக்காங்க, 2011ல ஐபோன்ல சிரி வந்தப்போதான் அது தன்னோட குரல்னே தெரிஞ்சிருக்கு, 2013ல தானாவே வெளிய வந்து நான்தான்னு சொல்லிட்டாங்க. மூணு பேருக்கும் பொதுவானது ஒன்னுதான், குடுக்கும்போது எதுக்குக் குடுக்குறோம்னு மூணு பேருக்கும் முழுசா தெரியாது. இப்ப போட்டோவையும் குரலையும் அள்ளி அள்ளி ஏஐ புரோகிராமுக்குத் தீனியா போட்டுட்டு இருக்குற காலத்துல இந்தப் படம் வந்தது தற்செயல் இல்ல.

எனக்குப் படத்துல குறை இல்லாம இல்ல. நீளம் அதிகம். ஆவி, சகுனம், கனவுன்னு போற பகுதி எனக்கு ஒட்டல, சிலருக்கு அதுதான் பிடிச்சிருக்கு. அந்த 1980கள் சாஃப்ட்வேர் உலகம் எப்படி இருந்துச்சு, அட்டைப் பெட்டியப் பாத்து கடையில பொருள் எடுக்குற காலம் அது, அதப் பத்தி இன்னும் பத்து நிமிஷம் வச்சிருந்தா ஏன் அட்டை முகத்துக்கு அவ்வளவு மதிப்புன்னு இன்னைக்கு ஆப் ஸ்டோர்ல வளர்ந்த பசங்களுக்குப் புரிஞ்சிருக்கும். ஆனா ஆள் வரலங்கறத மட்டும் நான் குறையில சேக்க மாட்டேன். தேடுறவங்களுக்கு வேண்டியது மேவிஸ், அந்த மேவிஸ் அவங்களோட சின்ன வயசுல மட்டும்தான் இருந்தாங்க. கதவத் தட்டுனா தொறக்கப் போறது 500 டாலருக்கு ஒரு நாள் போட்டோவுக்கு நின்ன வேற ஒருத்தங்க, அவங்களுக்கு இவங்க யாருன்னே தெரியாது, இவங்க பாசத்துக்கு அவங்க பதில் சொல்லணும்னு ஒரு கடனும் கெடையாது. இது அந்த ரெண்டு பேருக்கும் புரியுற வரைக்கும்தான் படம் ஓடுது, புரிஞ்சதும் முடிஞ்சிருது.

இப்ப உங்க ரெண்டாவது கேள்வி, வீட்டுல இருந்த சிடி. அது பெரும்பாலும் அவங்களா இருக்காது. மொதல் சில வெர்ஷனுக்கு அப்புறம் கம்பெனி கை மாறிக்கிட்டே இருந்துச்சு, வெர்ஷன் மாற மாற மேவிஸும் மாறிட்டாங்க, அதே சாயல்ல, அதே மாதிரி கோட்டு போட்ட, இன்னும் இளமையான வேற வேற மாடல்கள். 2000க்கு அப்புறம் வாங்குன சிடின்னா, அதுல சிரிக்கிறது வேற ஒருத்தங்க, அவங்களத் தேடி இதுவரைக்கும் யாரும் படம் எடுக்கல.